கைனன்ஸ் கோவ் போகிறீர்களா? முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வாலின் லிசர்ட் தீபகற்பம். அங்கே கரும்பச்சையும் செம்மையும் ஓடிய செர்பன்டைன் பாறைகளுக்கு நடுவே சின்ன மணல்கரை, பக்கத்தில் குகைகள். கடல் ஏறினால் மணல் முழுக்க மூழ்கிவிடும். நேரம் பார்க்காமல் வந்தால் மேட்டிலிருந்து பாறையையும் அலையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

படி 1: நாள் குறியுங்கள்

அருகிலுள்ள நியூலின் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை (கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியல்) எடுங்கள். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் மிக அதிகமாக வற்றும், அதுவும் நண்பகலை ஒட்டி. நம் நாள்காட்டியே இங்கே பாதி வேலையை முடித்துவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நண்பகலில் கடல் ஏறி நிற்கும்; வற்றினாலும் குறைவாகவே வற்றும்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கே கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 1 மணி முன்னே ஓடும். அட்டவணை எந்த நேரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே கூட்டிய அட்டவணையில் மறுபடியும் கூட்டிவிட்டால், வற்று நேரம் என்று நீங்கள் நினைக்கும்போது கடல் ஏறத் தொடங்கி 1 மணி ஆகியிருக்கும்.

படி 2: இறங்குங்கள்

வற்று நேரத்துக்கு 2 மணி முன்னதாக மணலில் இருங்கள். நேஷனல் டிரஸ்ட் (பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை) வாகன நிறுத்தத்திலிருந்து இரண்டு வழிகள்: படிகளுடன் செங்குத்தானது ஒன்று; சற்றுச் சுற்றிப் போகும் அகலமான பாதை ஒன்று. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டாவதே நல்லது. செர்பன்டைன் ஈரமானால் வழவழக்கும், பலர் மிதித்துத் தேய்ந்த இடம் இன்னும் மோசம். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி அணியுங்கள்.

படி 3: தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள்

நீர் விலக விலக அஸ்பாரகஸ் தீவுப் பக்கம் மணல்வழி திறக்கும். குகைகளையும் அந்தப் பக்கத்தையும் வற்று நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பையை அங்கே வைக்காதீர்கள், படிக்கட்டுப் பக்கமே வையுங்கள். பாறை இடுக்குகளில் நீந்த வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

படி 4: திரும்புங்கள்

வற்று நேரம் கழிந்து அரை மணிக்குள் படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய ஓதத்தில் கடல் சுமார் 5 மீட்டர் ஏறும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. முதல் மணியில் 40 சென்டிமீட்டர்தான். கடல் அசையாததுபோலத் தோன்றும். மூன்றாம், நான்காம் மணிகளில் மணிக்கு 1.2 மீட்டருக்கு மேல். அதோடு, நீர் எப்போதும் முன்னாலிருந்தே வராது; பின்னாலிருக்கும் பள்ளத்தை முதலில் நிரப்பி, வந்த வழியை அடைத்துவிடும்.

அப்படி மாட்டிக்கொண்டால் நீந்திக் கடக்க முயலாதீர்கள், பாறைச் சுவரிலும் ஏறாதீர்கள். எட்டக்கூடிய உயரமான இடத்தில் நின்று அவசர எண் 999 அழைத்து, கோஸ்ட்கார்ட் (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று கேளுங்கள்.