உச்சத்திலிருந்து 30% இறங்கிவிட்டது, சரி, அப்புறம்?

52 வார உச்சத்திலிருந்து, அதாவது கடந்த ஓராண்டில் தொட்ட அதிகபட்ச விலையிலிருந்து, எந்தப் பங்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் தொய்ந்துகொண்டிருக்கும் பங்குகள் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும், நானும் வாராவாரம் பார்க்கிறேன். சிக்கல் என்னவென்றால், பலர் இதையே தள்ளுபடிப் பட்டியலாகப் படிக்கிறார்கள்.

யெஸ் பேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. அடுத்த மாதமே, தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதும், ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்து, மாதக் கடைசியில் 200க்கும் கீழே வந்து நின்றது. பாதி விலைதானே, இதற்கு மேல் எங்கே இறங்கப்போகிறது என்று வாங்கியவர்கள் 100க்கு வந்தபோது ஆவரேஜ் செய்தார்கள் (சராசரி வாங்கிய விலையைக் குறைக்க இன்னும் கொஞ்சம் வாங்கினார்கள்), 50க்கு வந்தபோதும் செய்தார்கள். 2020 மார்ச் 6 அன்று வர்த்தகத்தின் நடுவே விலை ஒற்றை இலக்கத்துக்கே போனது. கணக்கு இதுதான்: 400லிருந்து 50% இறங்கினால் 200, 90% இறங்கினால் 40. 200க்கு வாங்கியவர் கையில், விலை 40க்கு வந்தபோதே, போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பாகம்தான் மிச்சம்.

இதே பங்கில் இன்னொரு குழியும் உண்டு. 2019 அக்டோபரில் 52 வார உச்சத்தைப் பார்த்தவருக்கு அந்த 400 தெரிந்திருக்காது, ஓராண்டு தாண்டியதால் கணக்கிலிருந்தே போய்விட்டது. மெதுவாக, வருடக்கணக்கில் இறங்குகிற பங்கு இந்த அளவுகோலில் கொஞ்சம் யோக்கியமாகத்தான் தெரியும். அதனால் மூன்று, ஐந்து வருட உச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சந்தையோடு ஒப்பிடாமல் பார்ப்பதும் வீண். 2020 ஜனவரியில் 12,430 இருந்த நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) மார்ச் 24 அன்று 7,511 வரை, அதாவது கிட்டத்தட்ட 40%, விழுந்தது. அந்த வாரத்தில் 25% மட்டும் இறங்கியிருந்த பங்கு உண்மையில் திடமான பங்கு. நிஃப்டி புது உச்சம் தொடுகிற வாரத்தில் அதே 25% இறக்கத்தில் கிடக்கிற பங்குதான் எனக்கு உறுத்தும்.

போனஸ், ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சமாசாரத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். 2024 அக்டோபர் கடைசியில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு) கொடுத்ததும் விலை பாதியானது, நான் வைத்திருந்த எக்ஸெல் தாள் பழைய உச்சத்தையே பிடித்துக்கொண்டு 50%க்கு மேல் சரிவு என்று சிவப்பில் காட்டியது. ஒரு நிமிடம் பகீர் என்றது, உச்ச விலையையும் பாதியாக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

எல்லாப் பங்குக்கும் ஒரே 20% கோடு போடுவதும் சரிவராது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் 20% இறங்கினால் காலாண்டு முடிவுகளை எடுத்துவைத்துப் படிப்பேன், தினமும் நாலைந்து சதவீதம் ஆடுகிற ஸ்மால்கேப் (சிறு நிறுவனப் பங்கு) ஒன்று அவ்வளவு இறங்கினால் அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.