பிரவுசரில் டெர்மினல்: நிறுவும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு தோல் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு இந்த ஆசை கட்டாயம் வரும். இரவு பத்தரை மணிக்கு பில்லிங் நின்றுவிட்டது என்று போன் வருகிறது. வேலூரிலிருந்து ஆம்பூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். பைக்கை எடுக்காமல், கையில் இருக்கும் போனின் பிரவுசரிலேயே சர்வருக்குக் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து சரிசெய்துவிட்டால் எவ்வளவு நிம்மதி!

அபாச்சி குவாக்கமோலி, டிடிஒய்டி, காக்பிட் என்று இதற்கு நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிறுவ அரை மணி நேரம் போதும் என்பதால், யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. டெர்மினல் கைமாறினால் மொத்த மெஷினும் கைமாறியது போலத்தான். அதே நெட்வொர்க்கில் இருக்கும் டேலி கணினி, கேமரா ரெக்கார்டர், பேக்கப் டிஸ்க் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வழி உண்டு. அதனால் யார் வருவார்கள், எங்கிருந்து வருவார்கள், உள்ளே எந்த யூசராக இருப்பார்கள் என்ற மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ‘முகவரி யாருக்கும் தெரியாது’ என்ற நம்பிக்கை. நானும் அப்படி நம்பியிருக்கிறேன். காட்பாடியில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு, யாரும் ஊகிக்க முடியாத சப்டொமைன் பெயர் வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சேவையில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கினேன். டீ குடித்துவிட்டு வந்து, யார் யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தால், எங்கெங்கோ இருக்கும் ஐபிக்களிலிருந்து வரிசையாகக் கோரிக்கைகள். அந்தப் பெயரை நான் அலுவலகத்தில்கூட இன்னும் சொல்லவில்லை. காரணம் எளிது: பிரவுசர்கள் நம்பும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் பதிவாகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் புதுப் பெயர் வந்ததும் கதவைத் தட்டிப் பார்க்கும். சர்வரில் அந்த மென்பொருள் கேட்டுக்கொண்டிருக்கும் வாசலான போர்ட்டின் எண்ணை மாற்றினாலும் ஸ்கேன் செய்து கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே டெர்மினலை நேராக இணையத்தில் வைக்காதீர்கள். முன்னால் ஒரு விபிஎன், அதாவது அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் தனி வழி, இருக்கட்டும். வயர்கார்டு என்ற விபிஎன்னை நான் விரும்புவதற்குக் காரணம், சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். அலுவலக பிராட்பேண்டில் தனி பொது ஐபி இல்லையென்றால், சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அலுவலக மெஷின் அதனுடன் இணையும்படி செய்யலாம். அப்போது வயர்கார்டில் கீப்அலைவை, அதாவது இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு பாக்கெட்டின் இடைவெளியை, 25 விநாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது டாக்கர், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து இயக்கும் கருவி. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் 8080 போர்ட்டை மூடிவிட்டோம் என்று இருப்போம். ஆனால் டாக்கர் வெளியிடும் போர்ட்டுக்கு அது தனக்கென விதிகளை எழுதிக்கொள்வதால் அந்தத் தடை அங்கே செல்லாது. போர்ட்டை, அந்த மெஷினுக்குள் மட்டும் செல்லும் முகவரியான 127.0.0.1-இல் மட்டும் கட்டுங்கள். குவாக்கமோலியின் பின்னால் இயங்கும் குவாக்-டி, 4822-இல் கேட்டுக்கொண்டிருக்கும். அது தானாகப் பாஸ்வேர்டு எதுவும் கேட்காது, எனவே வெளியே தெரியவே கூடாது. முடித்ததும் போனில் வைஃபையை அணைத்து, விபிஎன் இல்லாமல், மொபைல் டேட்டாவில் பொது ஐபியைத் திறந்து பாருங்கள். அந்த ஒரு நிமிடச் சோதனையை விடாதீர்கள்.

குவாக்கமோலியை டேட்டாபேஸோடு நிறுவினால் பெயரும் பாஸ்வேர்டும் ‘குவாக்அட்மின்’ என்றே வரும். புது அட்மினை உருவாக்கி, உள்ளே நுழைந்து பார்த்து, அப்புறம் பழைய ‘குவாக்அட்மின்’ கணக்கை நீக்கிவிடுங்கள். டிடிஒய்டியில் சிக்கல் வேறு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக, கட்டளைகளை இயக்கும் பாஷைக் கொடுத்து இயக்கினால், திறப்பவர் எவரானாலும் லாகின் இல்லாமலே ரூட். புதிய பதிப்புகளில் தட்டச்சு செய்ய முடியாதபடிதான் அது தொடங்கும். ‘ஏன் எழுத்து விழவில்லை’ என்று தேடி, எழுத அனுமதிக்கும் ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்டு ஆப்ஷனை மறந்துவிடுகிறார்கள். சாதாரண யூசராக, லாகின் கேட்கும் பாதுகாப்பான இணைப்பான எஸ்எஸ்எச் வழியே நுழையவிட்டு, தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரம் தரும் சூடோ பயன்படுத்த வையுங்கள்.

ஓடிபி ஆப் சேர்த்தால் சர்வரின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது; நேரம் சில நிமிடம் பிசகினால் நீங்களே உள்ளே போக முடியாது.

கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸை முன்னால் வைத்தால் இரண்டு விஷயம். ஒன்று, பின்னால் இருக்கும் லாகில் எல்லோரும் ப்ராக்ஸியின் ஐபியாகவே தெரிவார்கள். உண்மையான ஐபியை அனுப்பாவிட்டால், தவறாக லாகின் முயலும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பான் யாரையும் தடுக்காது, அல்லது எல்லோரையும் சேர்த்துத் தடுத்துவிடும். இரண்டு, 60 விநாடி எந்த அசைவும் இல்லாவிட்டால் இணைப்பை அது அறுக்கும். நேரத்தைக் கூட்டலாம், சரி. ஆனால் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் பஸ்ஸில் சிக்னல் போனால்? டேட்டாபேஸ் அப்டேட் போன்ற நீண்ட வேலையை, சர்வரிலேயே டெர்மினலைத் திறந்து வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். இணைப்பு போனாலும் வேலை ஓடும்.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கையும் இப்போதே திட்டமிடுங்கள். குவாக்கமோலி கணக்கை மட்டும் நீக்கினால், அவருடைய வயர்கார்டு சாவியும், ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் உள்ள எஸ்எஸ்எச் சாவியும் அப்படியே இருக்கும். மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி சாவி கொடுத்திருந்தால்தான் அது முடியும்.