டிஃபென்டர்களுக்கு: லிட்ஸ்ட்ரோம் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஹாக்கி பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐஸ் ஹாக்கி முதலில் தலைவலிதான். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை, 'பக்' என்பார்கள், கண்ணைச் சிமிட்டினால் காணாமல் போயிருக்கும். அதைத் தேடுவதை முதலில் விடுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் 5-ம் நம்பராக ஆடிய டிஃபென்டர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை மட்டும் பாருங்கள். பழைய ஆட்டங்கள் யூடியூபில் கிடைக்கின்றன, அமெரிக்க லைவுக்காக விடியற்காலையில் எழுந்து உட்கார வேண்டிய பாடும் இல்லை.

ஏன் இவர்? ஸ்வீடன்காரர், 1989 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) 53-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அப்புறம் 1991 முதல் 2012 வரை 20 சீசன், நான்கு ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-லின் சாம்பியன் கோப்பை), சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது ஏழு முறை. இதைவிட அதிகம் வாங்கியவர் பாபி ஓர் (Bobby Orr) என்ற பழைய டிஃபென்ஸ்மேன் மட்டும்தான், எட்டு. ஆனால் என்னை அசத்தியது வேறு கணக்கு: 1564 லீக் ஆட்டங்களில் மொத்தமே 514 நிமிடம்தான் பெனால்டி. ஆட்டத்துக்குச் சராசரி 20 வினாடி! சின்ன ஃபவுலுக்கே இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைக்கிற விளையாட்டு அது. உடம்பால் மோதுவதற்கு அங்கே அனுமதி உண்டு, இவருக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. நம் ஹாக்கியில் தோளால் இடித்தால் விசில்தான், அதனால் நமக்குத் தோதான வாத்தியார் இவர்.

சரி, பார்க்கும் முறை. சத்தத்தை அணைத்துவிடுங்கள். எதிரணிக்காரன் நீலக் கோட்டை (நம் 23 மீட்டர் கோடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) நெருங்கும்போது வீடியோவை நிறுத்துங்கள். லிட்ஸ்ட்ரோம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருப்பார், ஸ்டிக்கின் நுனி நடுவழியை அடைத்தபடி தரையிலேயே இருக்கும், மைதானத்தைச் சுற்றியிருக்கும் சுவரோரம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார். வருகிறவன் நல்ல வழி கிடைத்தது என்று அந்த ஓரத்தில் நுழைவான், அங்கிருந்து கோலைப் பார்த்து அடிக்கக் கோணமே இருக்காது. அதற்குப் பிறகுதான் ஒரு சின்னக் குத்து, நாம் ஜாப் என்கிறோமே அதேதான்.

2002 பிளே-ஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் தொடர்கள்) வான்கூவர் அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். டெட்ராய்ட் தொடரில் 0-2 பின்தங்கியிருந்தது, இவர் நடுக்கோட்டருகிலிருந்து அடித்தது கோலுக்குள் போய்விட்டது. அந்த வருடம் கோப்பையையும் பிளே-ஆஃபின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார்.

இனி மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, அதற்கு இணையாகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தம்பியோ சித்தி பையனோ டென்னிஸ் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வரட்டும், நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே அவனைக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். முதல் பத்து முறை ஜாப் கிடையாது. இதுதான் கஷ்டம், கை தானாக நீளும், நீட்டிய அடுத்த நொடி அவன் உங்களைத் தாண்டியிருப்பான். நான் ஒரு மாதம் இப்படித்தான் ஏமாந்தேன். பத்து முறையும் ஒதுக்க முடிந்த பிறகு, பந்து அவன் ஸ்டிக்கை விட்டு விலகும் கணத்தில் மட்டும் குத்துங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஆடுங்கள். கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்னால் தண்ணீர் டேங்க் பைப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என் குதிகாலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.