பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயரும் சக்கரமும்: எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றும் வேளை வந்ததும் பலர் முதலில் சக்கரத்தின் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். பிடித்த சக்கரத்தை வாங்கிய பிறகு அதற்கேற்ற டயரைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் டயரின் உயரம், அடுத்து அதன் அகலம், பிறகு மட்கார்டுக்குள் டயருக்கு இருக்கும் இடம், கடைசியில்தான் சக்கரம். இப்படிப் போனால் மட்கார்டில் டயர் உரசாது, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாது, கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலிக்காது.

என்னிடம் இருப்பது எம்.ஜி.பி., 1962 முதல் 1980 வரை தயாரான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கீழே வரும் எண்கள் அதற்கானவை. உங்களிடம் வேறு கார் இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு எல்லாக் காருக்கும் ஒன்றுதான்.

1. பழைய அளவைப் படியுங்கள்

காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். முந்தைய உரிமையாளர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுதான் தொடக்கப் புள்ளி.

அங்கேதான் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். 5.60-14 என்று இருந்தால் அது கிராஸ்பிளை டயர், அதாவது உள்ளே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும் பழைய வகை. அகலம் அங்குலத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. 155 எஸ்ஆர்14 அல்லது 165 ஆர்14 என்று இருந்தால் அது ரேடியல், அதாவது இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை. முதல் எண் மி.மீ.யில் அகலம். பக்கச்சுவரின் உயர விகிதத்தைச் சொல்லும் இரண்டாவது எண்ணை அதில் காண முடியாது. அந்தக் கால ரேடியல்களில் பக்கச்சுவர் அகலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இருக்கும் என்பது பொது வழக்கம். ஆகவே பழைய 165 ஆர்14-க்கு இன்றைய நிகர் 165/80 ஆர்14.

இனி உயரக் கணக்கு. 165 மி.மீ. அகலத்தில் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குல ரிம் என்பது 355.6 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 620 மி.மீ. இதே முறையில் மற்றவை:

155/80 ஆர்14: 604 மி.மீ.
185/70 ஆர்14: 615 மி.மீ.
195/60 ஆர்15: 615 மி.மீ.
185/60 ஆர்14: 578 மி.மீ.

கடைசி அளவைப் பாருங்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது என்பதால் பலரும் இதை மாட்டிவிடுகிறார்கள். 620-க்குப் பதில் 578 போட்டால் கார் 21 மி.மீ. தாழ்ந்துவிடும். உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஸ்பீடோமீட்டர் 107 காட்டும், எஞ்சினும் அதே அளவுக்குக் கூடுதலாகச் சுழலும். நெடுஞ்சாலையில் ஏற்கெனவே உறுமிக்கொண்டு ஓடும் காருக்கு இது தேவையா? பழைய உயரத்திலிருந்து 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் விலகாதீர்கள்.

2. அகலத்தில் ஆசை வைக்காதீர்கள்

இந்தக் கார்களின் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் ஒல்லியான, உயர்ந்த பக்கச்சுவர் கொண்ட டயரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. பிடிமானம் விட்டுப்போவதற்கு முன்பே டயர் மெல்ல நழுவி உங்களுக்குச் சேதி சொல்லும். அகலமான, தட்டையான டயரில் அந்த முன்னறிவிப்பு குறைந்துவிடும், ஸ்டீயரிங் கனக்கும், வீல் பேரிங்குக்கும் கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கும் சுமை கூடும். எம்.ஜி.பி.க்கு 165/80 தான் என் தேர்வு. 185/70 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ரிம்மின் அகலமும் டயரும் ஒத்துப்போக வேண்டும். 185/70 டயருக்குக் குறைந்தபட்சம் 4.5 அங்குல ரிம் தேவை. 195/60 என்றால் 5.5 அங்குலம். ஒல்லியான கம்பிச் சக்கரத்தில் பருத்த டயரைத் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, திருப்பங்களில் கார் ஆடும்.

இன்னொன்று: கிராஸ்பிளையையும் ரேடியலையும் கலக்காதீர்கள். ஒரே ஆக்சிலில் இரண்டு வகை கூடவே கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் போடுவதும் ஆபத்து. பின்புறம் திடீரென வழுக்கிவிடும்.

3. இடத்தை அளப்பது

என்னை மிக அதிக நேரம் பிடித்துவைத்த படி இதுதான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

காரின் உடலை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அளந்தால் கிடைக்கும் எண் பயன்படாது. சக்கரம் கீழே இறங்கிவிடுவதால் மட்கார்டின் விளிம்பு டயரின் பருத்த பகுதிக்கு நேராக இருக்காது. ஸ்டாண்டுகளைப் பின் ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். காரின் எடை ஸ்பிரிங்கின் மேல் இருக்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு இடைவெளிகளை அளக்கவும்: வெளியே, டயரின் பருத்த பகுதிக்கும் மட்கார்டின் உள் விளிம்புக்கும் நடுவே, உள்ளே, டயருக்கும் ஸ்பிரிங் அல்லது உட்சுவருக்கும் நடுவே.

அளவு நாடாவை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. அது வளையும், இருட்டில் எண்ணும் தெரியாது. 10, 15, 20, 25 மி.மீ. தடிமனில் நான்கு மரத்துண்டுகளை வெட்டிவைத்திருக்கிறேன். எது இறுக்கமில்லாமல் நுழைகிறதோ அதுதான் இடைவெளி. ஒருமுறை நுழைத்துப் பார்த்ததும் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி நுழையுங்கள். பழைய ரிம் லேசாகக் கோணியிருந்தால் ஓரிடத்தில் 20 நுழையும், இன்னோரிடத்தில் 15 கூட நுழையாது.

இடது பக்கத்தை அளந்துவிட்டு வலது பக்கமும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எம்.ஜி.பி.யில் பின்பக்க இடைவெளி இரு புறமும் சமமாக இருப்பதில்லை. இடது புறம்தான் பெரும்பாலும் நெருக்கம். இரண்டில் எது குறைவோ அதை வைத்தே முடிவெடுங்கள்.

இப்போது கணக்கு. 165-லிருந்து 185-க்குப் போனால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, சக்கரம் காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) மாறாதவரை, உள்ளும் புறமும் 10 மி.மீ. வீதம் இடைவெளி குறையும். சக்கரத்தின் ஆஃப்செட் எண் 5 மி.மீ. கூடினால் சக்கரம் முழுவதுமாக 5 மி.மீ. உள்ளே நகரும், குறைந்தால் வெளியே வரும். ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடும்போது அதே டயர் ஏறக்குறைய 5 மி.மீ. பருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கழித்த பிறகும் 15 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. திருப்பத்தில் உடல் சாயும்போது அந்த இடம் செலவாகிவிடும்.

சந்தேகம் தீராவிட்டால், புதிய அளவு டயரை ஒரு சக்கரத்துக்கு மட்டும் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மட்கார்டின் உள் விளிம்பில் சிறு சிறு களிமண் உருண்டைகளை ஒட்டிவிட்டு, மேடுபள்ளமான பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது உருண்டையில் டயரின் வரிகள் பதிந்திருந்தால் அந்த அளவு உங்கள் காருக்கு ஆகாது.

4. சக்கரம்

இனி அழகுக்கு வரலாம். போல்ட் வட்டத்தின் அளவு, அதாவது போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், சரியாக இருக்க வேண்டும், எம்.ஜி.பி.யின் போல்ட் வகைச் சக்கரத்துக்கு அது 4 போல்ட், 114.3 மி.மீ. நடுத்துளையும் பிரேக் காலிப்பருக்கான இடமும் பொருந்துகின்றனவா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கம்பிச் சக்கரத்துக்கான ஆக்சில் வேறு, போல்ட் சக்கரத்துக்கான ஆக்சில் வேறு. கம்பிச் சக்கரக் காரின் பின் ஆக்சில் குறுகலானது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சக்கரம் மாற்றும் வேலையோடு முடியாது.

அந்தக் காலப் பந்தயங்களில் பேர்பெற்ற மினிலைட் பாணி எட்டு ஆரச் சக்கரம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது, இன்று கிடைப்பவை பெரும்பாலும் அலுமினியக் கலவை. பழைய மக்னீசியச் சக்கரம் கிடைத்தால் ஆசைப்பட்டுச் சாலையில் ஓட்டாதீர்கள். அரிப்பும் நுண்விரிசலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

கம்பிச் சக்கரத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால் பழசைச் சோதியுங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் சிறிய ஸ்பானரால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்பது தளர்ந்துவிட்டது. பிறகு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால், சக்கரத்தின் நடுவில் ஹப்போடு (ஆக்சில் முனையில் சக்கரம் பொருந்தும் பகுதி) கோத்துக்கொள்ளும் பற்கள் தேய்ந்துவிட்டன. அதை வைத்து ஓட்டினால் ஹப்பின் பற்களும் சேர்ந்து போகும்.

5. பக்கச்சுவரில் உள்ள மற்ற எழுத்துகள்

வேக எழுத்து: எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210. எடை எண் 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். எம்.ஜி.பி.க்கு எஸ் போதும். எச் கிடைத்தால் நான் அதையே வாங்குவேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேதி. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய அளவுகள் மெதுவாக விற்பவை என்பதால், 'புதிய' டயரே கிடங்கில் சில ஆண்டுகள் கிடந்திருக்கலாம். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முன் செய்தது, கைகூட வைக்காதீர்கள். நம் கார்கள் குறைவாக ஓடுவதால் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டித்துப்போய்விடும்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

கம்பிச் சக்கரத்தில் புது டயர் போட்டதும் ட்யூப் அடிக்கடி ஓட்டையாகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஸ்போக்குகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருவதால் சாதாரணக் கம்பிச் சக்கரத்துக்கு ட்யூபும், ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டையும் கட்டாயம். ட்யூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காகித வில்லைகளோ சொரசொரப்பான வரிகளோ இருந்தால் அவை ட்யூபை அரித்துவிடும். வில்லையை உரித்து, பசையைத் துடைத்து, ட்யூபின் மேல் டால்க் பவுடர் தடவச் சொல்லுங்கள். ட்யூபும் ரேடியலுக்கான அளவாகவே இருக்க வேண்டும்.

அலாய் வீலுக்குப் பழைய இரும்புச் சக்கரத்தின் நட்டையே போடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கூடாது. சில அலாய்களுக்குக் கூம்பு முனை, சிலவற்றுக்குத் தட்டையான வாஷருடன் குழல் வடிவ நட்டு. சக்கரத்தோடு வரும் நட்டையே வாங்குங்கள், 80 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். கம்பிச் சக்கரத்தை நடுவில் பிடித்திருக்கும் ஒற்றைப் பெரிய நட்டு இடப்பக்கத்துக்கு ஒரு வகை, வலப்பக்கத்துக்கு வேறு வகை. மரைகள் எதிரெதிர்த் திசையில் ஓடும் என்பதால் மாற்றிப் போடக் கூடாது. கழற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி அதிலேயே இருக்கும். அதை அடித்துக் கழற்றவும் இறுக்கவும் செம்புச் சுத்தியல்தான், இரும்பு வேண்டாம்.

ஸ்டெப்னியை மறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கோடு ஐந்தாவதையும் அதே அளவில் வாங்குங்கள். வாங்கும் முன் அந்த அளவு டிக்கியில் அதன் இடத்தில் உட்காருமா என்று பாருங்கள். டிக்கி மூடுமா என்பதையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள்.