வெர்னே பாணியில் நிலவொளித் துறைமுகம்: கறுப்பு டியூபைத் தொடாமல் வரைவது எப்படி?

பிரஷை எடுப்பதற்கு முன்னால், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், பிரெஞ்சு ஓவியர் குளோத் ஜோசப் வெர்னேயின் நிலவொளித் துறைமுக ஓவியத்தை (1771) இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது: மேலே நிலா, கீழே கரையில் ஆட்கள் சூழ்ந்திருக்கும் நெருப்பு. அந்த நெருப்பை விரலால் மறைத்துப் பார்த்தால் நிலாவின் குளிர்ச்சி பாதி போய்விடும்.

சரி, ஆரம்பிக்கலாம். பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பு ஆயில் பெயின்ட்டை, அதை நீர்க்கச் செய்யும் டர்பன்டைனில் கட்டஞ்சாயா நிறத்துக்குக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசி, காயவிடுங்கள். அடிவானக் கோடு பாதிக்குக் கீழே. 15-ஆம் லூயி மன்னருக்காக ஊர் ஊராகப் போய் பிரான்ஸின் துறைமுகங்களை 15 பெரிய படங்களாக வரைந்தவர்தான் வெர்னே, ஆனால் அவருடைய நிலவொளித் துறைமுகங்கள் பெரும்பாலும் கற்பனை, அதனால் கோட்டையையும் கப்பலையும் உங்கள் இஷ்டத்துக்கு வைக்கலாம்.

இப்போது இருட்டு. கறுப்பு டியூபுக்குப் பதிலாக, பர்ன்ட் அம்பரில் பிரஷ்யன் புளூ என்கிற அடர்நீலத்தைக் கடுகளவு சேருங்கள். கடுகளவு என்றால் கடுகளவுதான். நான் முதல் தடவை தாராளமாகப் பிதுக்கி, வானம், பிரஷ், சட்டைக் கை எல்லாம் நீலமாகி உட்கார்ந்திருந்தேன்.

வானத்தை நிலாவிலிருந்து வெளியே நோக்கிப் பூசுங்கள். நிலாவுக்கு வெள்ளையோடு துளி மஞ்சள் ஓக்கர், சுற்றி வெளிறிய சாம்பல், விலக விலக இருட்டு. ஈரம் இருக்கும்போதே காய்ந்த மென்பிரஷால் லேசாகத் தடவிக் கலந்துவிடுங்கள். மேகத்தில் நிலாவைப் பார்க்கும் விளிம்பு மட்டும் ஒளிரட்டும்.

தண்ணீரில்தான் எல்லோரும் சறுக்குவது. நிலாவுக்கு நேர் கீழே ஒரே நீளக் கோடாக வெள்ளையை இழுத்தால் கடலில் தார் ரோடு போட்ட மாதிரி இருக்கும். குறுக்குவாட்டில் குட்டிக் குட்டித் தீற்றல்களாக வையுங்கள். தூரத்தில் மெல்லியதாக, நெருக்கமாக, நம் பக்கம் வர வர அகலமாக, இடைவெளி விட்டு.

இதெல்லாம் காய்ந்த பிறகு கப்பல். பலகை, ஆணி எதுவும் வேண்டாம், இருண்ட நிழலுருவம் போதும்.

கடைசியாக நெருப்பு. ஆட்களின் முகத்திலும் கையிலும் நெருப்பைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் ஆரஞ்சு, முதுகு இருட்டு. நிலாவைவிட வெளுத்த இடம் படத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது.

அப்புறம், ஆயில் பெயின்ட்டில் இருக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.