வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீள்கிறதா?

இரண்டு வாரமாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறது, ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை. இப்படியென்றால் ஜியார்டியாவாக இருக்கலாம். எட்டுச் சவுக்கிழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது. 1681-இல் நுண்ணோக்கி ஆய்வில் முன்னோடியான டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் மலத்திலேயே இதை நுண்ணோக்கியில் பார்த்தார். (மனிதருக்குக் கூச்சமே இல்லை!)

மலப் பரிசோதனையில் ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒட்டுண்ணி தினமும் வெளியேறுவதில்லை. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஜியார்டியா அதன் வழியாகவும் பரவும். ஒட்டுண்ணியை மூடியிருக்கும் கெட்டிக் கூடு குளோரினுக்கு லேசில் மசியாது. தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு இறக்குங்கள்.

குணமான பிறகும் சில வாரம் பால் குடித்தால் வயிறு உப்பலாம். உடனே மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டாம், பாலை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.