இடுப்பு டிஸ்க்குக்குச் சிறுதுளை அறுவை: முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

"தழும்பு பெரிதாக இருக்குமா டாக்டர்?" என்றுதான் பலர் முதலில் கேட்கிறார்கள். எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது, வலி அதிலிருந்துதான் வருகிறதா என்பதல்லவா முதல் கேள்வி?

ஸ்கேனை மட்டும் நம்பி அறுவைக்குத் தயாராவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. டிஸ்க் பிதுக்கம், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு வெளியே தள்ளுவது, தலைநரை மாதிரி. வயது ஏற ஏற வலியே இல்லாதவர்களுக்கும் வரும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வலியில்லாத 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் அது படத்தில் தெரிகிறது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் எல்5 என்பது நசுங்கினால் வலியும் மரப்பும் வழக்கமாகக் காலின் வெளிப்புறமாக இறங்கி, புறங்கால் வழியே பெருவிரலுக்குப் போகும். அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு என்றால் சுண்டுவிரல் பக்கம். படம் ஒன்றும் கால் வேறொன்றும் சொன்னால், துளை எத்தனை சின்னதானாலும் பயனில்லை. பொருந்தினாலும்கூட நன்றாகக் குறைவது கால் வலிதான். வெறும் இடுப்பு வலிக்கு அந்த உறுதி கிடையாது.

சரி, சின்னத் துளை என்றால் சின்ன ஆபரேஷனா? இல்லை. தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், இழைகளை விலக்கி ஏறக்குறைய 2 செ.மீ. அகலக் குழாயை இறக்குகிறார்கள். அதனால் ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் பிதுங்கிய டிஸ்க்கை எடுத்து நரம்பை விடுவிக்கும் வேலை, பெரிதாகக் கீறிச் செய்யும் திறந்த அறுவையில் நடப்பதேதான். நரம்புறை கிழிவது, தொற்று, டிஸ்க் மறுபடி பிதுங்குவது எல்லாம் இதிலும் உண்டு. ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால், திறந்த அறுவைக்கும் இதற்கும் வலியில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே உங்கள் மருத்துவருக்கு எந்த முறை கைவந்தது என்று கேளுங்கள். 'லேசர்' என்ற சொல்லுக்கு மட்டும் மயங்க வேண்டாம், அது ஒரு கருவி, அவ்வளவுதான்.

அவசரமும் தவறு, தாமதமும் தவறு. டிஸ்க்கால் வரும் கால் வலி பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானே தணியும். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, மலசலக் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ நாள் பார்க்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

அப்புறம், தையல் ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதாக நினைத்துப் பளு தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கை எடுப்பதோடு நிற்காமல் ஸ்க்ரூ போட்டு முதுகெலும்புகளையும் சேர்த்திருந்தால், அவை ஒட்டப் பல மாதங்கள் ஆகும். புகைப்பவர்களுக்கு ஒட்டாமலே போகவும் கூடும்.